என் வீட்டு வெளிச்சத்தை யாரும் களவெடுக்கவில்லை

எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தும் எங்களுக்கு ஏற்றமும் தந்துகொண்டு இந்தக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் பாடசாலை அதிபர், பெருமதிப்பிற்குரிய குமாரசிங்கம் ஐயா அவர்களே! மேடையின் வலப்பக்கம் வெள்ளை வேட்டியும் விபூதியுமாய் வீற்றிருக்கும் மாரியம்மன் கோயில் தலைவர் வீரய்யா அண்ணன் அவர்களே! ஹாலிஎலையிலிருந்து பஸ் ஏறி, கொஸ்லந்தையில் இறங்கி, மிச்ச மலையைக் காலால் அளந்து வந்திருக்கும் சோலார் மெக்கானிக் ஸலீம் தம்பி அவர்களே! பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துப் பேர் கொடுத்தே முதுகு வளைந்துபோன பெரியோர்களே! முதுகில் கூடையும் மனதில் குடும்பமும் சுமந்து, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, கருங்கல்லுத் தேயிலைத் தோட்டம் மேல்டிவிசனைக் கட்டிக் காத்துவரும் தாய்மார்களே! கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் மூன்றாம் லயத்து ரெங்கம்மா அவர்களே! உங்கள் எல்லோருக்கும், அதே மூன்றாம் லயத்து வரிசையில் நாலாம் காம்பரா வீட்டுப் பாக்கியலெட்சுமி கைகூப்பி நிற்கிறேன்.

கை தட்டாதீர்கள். தட்டுகிற கையைக் கொஞ்சம் மடியில் வைத்திருங்கள். நான் பேசி முடித்த பிறகு அந்தக் கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது.

அதிபர் ஐயா என்னை அறிமுகம் செய்யும்போது என்ன சொன்னார்? இந்தத் தோட்டத்தின் முதல் வெளிச்சம் என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றாலும் அறிவு நிற்காத பெண்மணி என்றார். ஐந்தாம் வகுப்பு உண்மை. அந்த ஐந்து வகுப்பிலும் முதலாம் பிள்ளை நான்தான் என்பதும் உண்மை. இதை ஒரு மேடையில் சொல்லாமல் விட்டவள் இல்லை நான்; இன்றைக்கும் சொல்லிவிட்டேன். இனி வருவதுதான் சொல்லக் கூசுவது.

உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி என்ன? சங்கத்தில் கடன் எடுத்து முப்பத்திரண்டு வீட்டுக்கும் சோலார் பலகை மாட்டலாமா? போடும் காசுக்கு அது தகுமா? என் வீட்டில் ஆறு மாதத்துக்கு மேலாக இருக்கிறதே, அதனால் நான் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு நீங்கள் கை உயர்த்த வேண்டும். அதற்குத்தான் என்னை ஏற்றியிருக்கிறார்கள்.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை நாற்பதாயிரத்துக்கு மேல். முன்பணத்துக்கு என் ஈபிஎப் காசில் கை வைத்தேன். மிச்சத்துக்கு மாதா மாதம் தவணை. நாலு வருசம் போகும். என்ன தாயி? கட்டி முடிச்சாச்சா என்றா கேட்கிறாய்? நீ வேறு, இப்போதுதான் ஏழாவது தவணை. நாலைந்து வருசத்தில் பேட்டரி மாற்ற வேண்டும், அதற்கும் இப்போதிருந்தே ஒதுக்கி வைக்க வேண்டும். இது பாரம். பாரமில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கால் ஓய்ந்தது. சுவரில் புகைக் கரி இல்லை. என் பேத்தி காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாய் வருவதில்லை. நாலு குழல்விளக்கு, ஒரு ரேடியோ, ஒரு சின்ன டீவி. தகுமா என்றால் தகும். கவனமாய் வைத்திருந்தால் தகும்.

அதோடு இறங்கிவிடலாம். இறங்கச் சொல்லித்தான் என் நாக்கும் இழுக்கிறது. ஆனால் என் உறவுகளே, கூரையில் ஏறிய பலகைக்கு நான் கொடுத்த விலை நாற்பதாயிரம்தானா? அந்தப் பலகைக்காக இன்னொருத்தியிடமிருந்து நான் பிடுங்கிக் கொடுத்த விலை ஒன்று இருக்கிறதே, அதை யார் சொல்வது? நான் சொல்லாவிட்டால் இந்த மலையில் யாருக்குத் தெரியும்?

கேளுங்கள்.

போன வருசம் ஆவணியில் பலகை வந்தது. கூரை தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் தோட்டத் துரையிடம் கடிதம் வாங்கி, ஸலீம் தம்பி அதை என் காம்பராவின் பின்கூரையில் மாட்டினார். நம் லயத்துக்குப் பின்னால் மண்மேடு. மேட்டில் ஏறி நின்றால் கூரை இடுப்பளவுதான். வாரம் ஒரு தரம் நனைத்த துணியால் துடையுங்கள், அதன் மேல் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒன்றுக்கு மூன்று தரம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். முதலாம் பிள்ளைக்கு ஒரு தரம் சொன்னால் போதாதா?

அன்று பொழுது சாய்ந்தபோது சுவிட்சைப் போட்டேன். மேல்லயமும் கீழ்லயமும் என் வாசலில் திரண்டன. வந்தவர் கண் எல்லாம் விளக்கின் மேல், என் கண் எல்லாம் வந்தவர் மேல். யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட பெருமை.

அப்புறம் ஆயுத பூசை வந்தது. நமக்கு வழக்கம் தெரியும். கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு வைப்போம், மண்வெட்டிக்கு வைப்போம், சைக்கிளுக்கு வைப்போம், தையல் மெசினுக்கு வைப்போம். நாற்பதாயிரத்துப் பலகைக்கு வைக்க வேண்டாமா? மேட்டில் ஏறி, சந்தனம் குழைத்து மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ராத்திரி மழை கழுவிவிட்டது. மறுநாளும் வைத்தேன். மறுநாளும் மழை. அந்த வாரம் பேத்திக்குக் காய்ச்சல். ஊர்க் கண் பட்டுவிட்டது, அழியாத பொட்டாக வைக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. கோயில் தூணுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட் என் வீட்டில் இருந்தது. வெள்ளையில் விரல் தடிப்பத்தில் மூன்று பட்டை. நடுவில் சிவப்பில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பொட்டு.

சிரியுங்கள். ஸலீம் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார், அவருக்கு முன்பே தெரியும். நன்றாகச் சிரியுங்கள், இந்தக் கதையில் சிரிக்க இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

பத்து நாள் போகவில்லை. ஒன்பது மணிவரை எரிந்த விளக்கு ஏழு மணிக்கே மஞ்சளாய் மங்கியது. டீவி முகத்தைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. ஸலீமுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வேன்? அத்தனை பேரைக் கூட்டி வைத்துக் காட்டிய வெளிச்சம், இரண்டு மாதத்தில் கெட்டுப்போனது என்று வாய் திறப்பேனா? வாய் திறக்கவில்லை. கண்ணைத்தான் திறந்தேன். திறந்த கண் எங்கே போனது? பக்கத்துக் காம்பராவுக்குப் போனது.

நம் லயத்து நடுச்சுவர் கூரையைத் தொடாது. உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஒரு வீட்டில் வெங்காயம் தாளித்தால் அடுத்த வீட்டில் கண் எரியும். என் குழல்விளக்கின் வெளிச்சம் அந்த இடைவெளியால் ரெங்கம்மா வீட்டுச் சுவரில் ஒரு பாய் அகலத்துக்கு விழும். அந்த வெளிச்சத்தில், கட்டில் மேல் பெட்டியை வைத்து, பெட்டி மேல் உட்கார்ந்து அவள் மகள் விஜிதா படிப்பாள். டிசம்பரில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை. ஐந்தாம் லயத்திலிருந்து பார்த்தாலும் ஜன்னலில் தெரியும் அந்தப் பிள்ளையின் தலை. என் பேத்தி கணக்கில் தடுக்கினால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விஜிதா விடை சொல்லமாட்டாள், வழி சொல்வாள். நான் கேட்டிருக்கிறேன். இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

கேட்ட காதுதான். பார்த்த கண்தான். ஆனாலும் என்ன நினைத்தேன்? சுவருக்கு மேலே வெளிச்சம் போகுமென்றால் வயரும் போகும் என்று நினைத்தேன். எனக்கு மங்குகிறதென்றால் அவர்கள் இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா? சீமெந்துப் பைகளை விரித்து, ஆணி அடித்து, அந்த இடைவெளியை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை அடைத்தேன். அந்தப் பக்கமிருந்து ரெங்கம்மா கேட்டாள்.

“என்னக்கா செய்றீங்க? புள்ள படிக்குதே.”

நான் சொன்னேன்.

“படிக்கிறதுன்னா காசு குடுத்துப் படிக்கச் சொல்லு.”

இதைச் சொன்னவள்தான் உங்கள் முன்னால் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அடைத்த பிறகும் விளக்கு மங்கியது. மங்காதா பின்னே? உடனே பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீருக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன், என் கரன்ட் களவு போகிறது, எடுப்பவள் பக்கத்துச் சுவரில் இருக்கிறாள் என்று. பேர் சொல்லவில்லை. என் வீட்டுக்கு ஒரு பக்கம் ஆளில்லாமல் பூட்டிய காம்பரா, ஒரு பக்கம் ரெங்கம்மா. பேர் வேறு சொல்ல வேண்டுமா?

அவள் கோயிலுக்கு வந்து சத்தியம் செய்யட்டும் என்று கேட்டதும் நான்தான். வீரய்யா அண்ணன் தயங்கினார். அவரை விடாமல் அரித்ததும் நான்தான். கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை, மாரியம்மன் சன்னதியில் கற்பூரம் கொளுத்தி வைத்தார்கள். பிறந்து வளர்ந்து இந்தத் தோட்டத்திலேயே வேலை செய்தவள், ஒருத்தி வீட்டு உப்புக் கல்லைத் தொடாதவள், எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தாள். அணைத்துவிட்டு அம்மனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“ஒங்க வூட்டுல இருந்து நான் ஒரு வயர் இழுக்கல. எம் மவ புஸ்தகத்த மட்டுந்தான் ஒங்க வெளிச்சத்துல நீட்டுனா. அதுவும் களவுன்னா சொல்லுங்க, அதுக்கும் இன்னொரு கற்பூரம் அணைக்கிறேன்.”

நானா? விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் விஜிதா பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். போகிற வழியில் பிள்ளைகள் ‘கரன்ட் கள்ளி’ என்று கூப்பிட்டார்களாம். அதிபர் ஐயா இரண்டு தரம் வீட்டுக்கு வந்து அழைத்தார். அவள் வரவில்லை. டிசம்பர் வந்தது, பரீட்சை எழுதவில்லை.

அந்த டிசம்பரின் முதல் வாரத்தில்தான், தவணைக் காசு வாங்க வந்த ஸலீம் தம்பி தன் பாட்டில் மண்மேட்டில் ஏறினார். ஏறினவர் கூப்பிட்டார்.

“அம்மா, இது ஆரு செஞ்ச வேல?”

பெருமையாய்ச் சொன்னேன், நான்தான் என்று. அவர் அங்கேயே குந்திவிட்டார். பலகையில் இருக்கும் சதுரக் கட்டங்களைக் காட்டினார். எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்து வைத்தது, வரிசையில் ஒரு கட்டத்தை மறைத்தால் போதும், மற்றது அத்தனையும் சோர்ந்துபோகும், நீங்கள் எல்லாவற்றின் மேலும் கோடு இழுத்து நடுவில் ஒன்றின் கண்ணை மூடியே வைத்துவிட்டீர்கள் என்றார். டர்பன்டைன் வாங்கி வந்து, பொறுமையாய், கீறல் விழாமல் துடைத்தெடுத்தார். கீழே இறங்கிக் கை கழுவும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பக்கத்து வூட்டு அம்மாக்குச் சொல்லிட்டீங்களா?”

அவர் வேலையை மட்டும் பார்க்கும்படி சொன்னேன். போட்டு வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். தம்பி, அன்றைக்கு நீங்கள் குடிக்காமல் போனது சரி.

இனிக் கேளுங்கள், இதுதான் என் வெட்கத்தின் அடி ஆழம். அதுவரை நான் செய்தது அறியாமை என்று சொல்லித் தப்பலாம். பொட்டு வைத்தது அறியாமை. சந்தேகப்பட்டது அவசரம். ஆனால் பலகை துடைத்த மறுநாள் விளக்கு முன்போல் பளீரென்று எரிந்ததே, அப்போது இந்த லயம் என்ன சொன்னது? நீங்கள் என்ன சொன்னீர்கள்? சத்தியத்துக்குப் பயந்து அவள் நிறுத்திவிட்டாள், பார்த்தீர்களா, அம்மன் காட்டிவிட்டாள் என்றீர்கள். என் வாசலில் நின்று என்னிடமே சொன்னீர்கள். நான் என்ன செய்தேன்?

சிரித்தேன்.

ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். களங்கமில்லாத ஒருத்தி கை சுட்டுச் செய்த சத்தியத்தையே அவள் மேல் பழியாகக் கட்டிவிட்டு, வெளிச்சத்தின் கீழே உட்கார்ந்து டீவி பார்த்தேன். ஒரு நாளா? மூன்று மாதம். இந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது தூங்கினேனா என்று கேட்டால், தூங்கினேன் என்பதுதான் உண்மை. நன்றாகவே தூங்கினேன். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

தைப்பொங்கல் கழிந்து விஜிதா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பஸ் ஏறப் போகும்போது பையை வைத்துவிட்டு என் வாசலில் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் பேத்தியைக் கூப்பிட்டு, தான் ஓ.எல்.லுக்கு வைத்திருந்த வரைகருவிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த நெஞ்சுக் குத்தல், தூக்கத்தை மட்டும் அது கெடுக்கவில்லை.

யாரது அங்கே? பழங்கதையை ஏன் கிளறுகிறாய், சோலாரைப் பற்றிப் பேசு என்றா சொல்கிறாய் அண்ணே? உங்களுக்குப் பழசு. ரெங்கம்மாவுக்கு இன்று காலையும் அது புதிது. பீலிக்கரையில் அவள் குடத்தை வைத்தால் நீங்கள் உங்கள் குடத்தை ஒரு சாண் நகர்த்தி வைக்கிறீர்கள். சீட்டுச் சேர்க்கும்போது அவள் பேரைத் தாண்டிப் போகிறீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் கூடைப் பக்கம் ஒரு கண் வைக்கிறீர்கள். கற்றுக்கொடுத்தவள் நான், பாடம் படித்தவர்கள் நீங்கள். அதோடு நான் சோலாரைப் பற்றித்தான் பேசுகிறேன். தகுமா தகாதா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

பலகையில் பழுதா? பழுதில்லை. பேட்டரியில் பழுதா? பழுதில்லை. விலையில் பழுதா? அதுகூட இல்லை. பழுது பொட்டிலும் இல்லை, பொட்டைத் துடைத்துவிடலாம். முதலாவதாய் வாங்கியவள் என்ற முறுக்கு இருக்கிறதே, அதில்தான் பழுது. ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு வைத்திருக்கிறோம். ஒரு வீட்டின் மேல் கறையைப் பூசிவிட்டு மற்ற ஒன்பது வீட்டில் வெளிச்சம் எரிகிறதென்று சொல்ல முடியுமா? முடியாது தாய்மார்களே! மின்சாரத்துக்கே முடியாதபோது மனிதருக்கு எப்படி முடியும்? நூற்றைம்பது வருசமாய் இந்த மலையில் இருட்டில் இருந்தோம். இருட்டில் இருந்தபோது ஒருத்தி சிம்னியில் எண்ணெய் தீர்ந்தால் அடுத்தவள் அரைப் போத்தல் ஊற்றினாள். வெளிச்சம் வந்த இரண்டே மாதத்தில் நான் சுவரை அடைத்தேன். அந்த அடைப்பை நேற்றுப் பிரித்துவிட்டேன். பிரித்தால் என்ன? அந்தப் பக்கம் பெட்டி மேல் உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை.

வாங்குங்கள். கடன் எடுங்கள், வாங்குங்கள். முப்பத்திரண்டு வீடும் வாங்குங்கள். துடைக்கத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், கேட்க வெட்கப்படாமல் வாங்குங்கள். ஆனால் கை உயர்த்தும் முன்னால், என்னால் கெட்ட ஒரு பேரை இந்த மண்டபத்தில் நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீரய்யா அண்ணன், நீங்களும் காது கொடுங்கள். அன்றைக்குக் கற்பூரம் கொளுத்திய கை உங்களுடையது.

மூன்றாம் லயம் ஐந்தாம் காம்பரா ரெங்கம்மா என் வீட்டு மின்சாரத்தைத் தொடவில்லை. அவள் மகள் விஜிதா தொடவில்லை. களவு என்று நான் சொன்னது பொய். பொய் என்று தெரிந்த பிறகும் மூடி வைத்தது அதைவிடப் பெரிய பாவம். இதை நான் அவள் ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாய்ச் சொல்லி அழுதிருக்கலாம். பழி சொன்னது பீலிக்கரையில், ஊர் கேட்க. அதனால் மன்னிப்பும் ஊர் கேட்கத்தான் கேட்க வேண்டும். ரெங்கம்மா, கேட்கிறேன்.

பொறுங்கள், அவள் எழுந்திருக்கிறாள். ஏதோ சொல்கிறாள். முன்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும் எனக்குக் கேட்டது. அவள் சொன்னதை அப்படியே இந்த மைக்கில் சொல்கிறேன்.

“எங்கிட்டச் சொன்னது இருக்கட்டும். எம் மவ கொழும்புல அடுத்தவ வூட்டுச் சட்டி கழுவுது. அதுக்குச் சொல்லுங்க.”

சொல்கிறேன் ரெங்கம்மா. என் கையாலேயே எழுதுகிறேன், பிழையிருந்தாலும் என் கையெழுத்திலேயே எழுதுகிறேன். இப்போது இங்கே சொன்ன எதையும் குறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் என் ஒரு கையெழுத்தை அந்தப் பிள்ளை ஏன் நம்ப வேண்டும்? கள்ளி என்று கூப்பிட்டது நான் மட்டும் இல்லையே. அதிபர் ஐயா, உங்களிடம் கேட்கிறேன். அந்தக் கடிதத்தின் கீழே இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் பேர் வைக்க முடியுமா? எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க முடியுமா? தட்டாமல் வைத்திருக்கச் சொன்னேனே கைகளை, இதற்குத்தான்.

அதிபர் ஐயா பதில் சொல்கிறார், கேளுங்கள்.

“நான் முதல் ஆளாக் கையொப்பம் வைக்கிறன் அம்மா. வெளிவாரியாப் பள்ளிக்கூடம் வராமலே பரீட்சை எழுதலாம், விண்ணப்பம் இன்னும் மூடேல்ல. அதையும் எழுதுங்கோ.”

எழுதுகிறேன் ஐயா. வருவாளா, வரமாட்டாளா, எனக்குத் தெரியாது. வா என்று சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. வழி திறந்திருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

ரெங்கம்மா வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை; சொல்லச் சொல்லி யாரும் அவளைப் பிடித்து நிறுத்தாதீர்கள். எழுந்து நில்லுங்கள், எல்லோரும் எழுந்து நில்லுங்கள். வழி விடுங்கள். கள்ளி வருகிறாள் என்று ஒதுங்கினீர்களே, அப்படி ஒதுங்காதீர்கள். குறையில்லாத ஒரு மனுஷி நடந்து போகிறாள், அதற்கு ஏற்றபடி நில்லுங்கள்.

பேச இடம் தந்த தலைவருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து மற்ற இடத்தில் காது கொடுத்த உங்களுக்கும் என் நன்றி. வாசலைத் தாண்டிப் போகும் ரெங்கம்மாவின் முதுகுக்கு என் முதல் வணக்கம். அவள் போன பிறகு, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.